பீன்ஸ் கொட்டையும் படச்சீட்டும்

லொத்தெரியா, மெக்சிகோ வீடுகளில் பாட்டி முதல் பேரன்வரை கூடி ஆடும் ஆட்டம். 54 படச்சீட்டுகள், ஆளுக்கு 16 கட்டம் போட்ட ஓர் அட்டை. ஒருவர் சீட்டைப் புரட்டிப் பெயர் சொல்ல, அந்தப் படம் உள்ளவர் அதன்மேல் காய்ந்த பீன்ஸ் கொட்டையை வைப்பார். இன்று பரவலாகப் புழங்கும் படங்கள் 1887-இல் கிளெமென்தே ஜாக் வெளியிட்ட சீட்டுக்கட்டின் வழி வந்தவை.

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் ஸ்பானிஷ் வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாடப்பொருள் அபூர்வம். எல் காயோ, சேவல். லா லூனா, நிலா. லா சாந்தீயா, தர்பூசணி. பெயரோடு எல், லா ஒட்டியே அச்சாகியிருப்பதால் எது ஆண்பால், எது பெண்பால் என்பதைப் பிள்ளைகள் விதியாக உருப்போட வேண்டியதில்லை; கேட்டுக் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள்.

சீட்டைப் புரட்டுபவர்தான் ஆட்டத்தின் உயிர். பெயரை நேராகச் சொல்லாமல் விடுகதை போட்டு இழுப்பார். அந்த நாற்காலியில் மாணவர் ஒருவரின் பாட்டியை உட்கார வைத்தால், வகுப்பே காதைத் தீட்டிக்கொள்ளும். வீட்டுப் பேச்சுக்குப் பள்ளியில் கிடைக்கும் மரியாதையைப் பேரப்பிள்ளை கண்ணெதிரே பார்க்கும்.

எல்லாச் சீட்டும் வகுப்புக்கு ஆகாது. குடிகாரன் படமும் அதில் உண்டு. அதை எடுத்துவிட்டு, தெருமுனை ரொட்டிக்கடை, பள்ளிப் பேருந்து என்று பிள்ளைகளே வரைந்த சீட்டுகளைச் சேர்க்கலாம்.