நின்ற படமும் ஓடும் படமும்

புகைப்படக் கலைஞரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவருக்கு முதல் சிக்கலே அந்தக் கலைஞரின் படங்கள்தாம். எல்லாம் ஓடும் திரையில் அசையாத ஒன்றை என்ன செய்வது? பலர் பயந்துவிடுகிறார்கள். படத்தின் மேல் கேமராவை நகர்த்தி, இசையை ஏற்றி, சில விநாடிகளில் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். பார்ப்பதையே வாழ்க்கையாகக் கொண்டவரின் கதையில் நமக்குப் பார்க்க நேரமில்லை. எனக்கு முக்கியமாகப் படும் ஆவணப்படங்கள், அந்த நேரத்தைத் தந்தவை.

புகைப்படக் கலைஞர் வில்லியம் க்ளைன் 1980களில் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்குத் தொடங்கிய 'கான்டாக்ட்ஸ்' தொடரின் வழி மிக எளியது. ஒரு பிலிம் சுருளின் படங்கள் வரிசையாகத் திரையை நிரப்பும். எடுத்தவரின் குரல் கேட்கும். கலைஞரின் முகம்கூடத் தேவைப்படவில்லை. புகழ்பெற்ற படத்துக்கு முன்னும் பின்னும் தவறிப்போனவற்றைப் பார்க்கும்போது, தேர்வு என்பதே பாதிக் கலை என்று புரிகிறது.

கிறிஸ்டியன் ஃப்ரையின் 'வார் ஃபோட்டோகிராபர்' (2001) கலைஞரின் கைக்கே போய்விடுகிறது. போர்ப் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் நாக்ட்வேயின் கேமராவில் சின்னஞ்சிறு வீடியோ கேமராவைப் பொருத்தினார் ஃப்ரை. ஷட்டரின் மேல் காத்திருக்கும் விரல் தெரிகிறது. அதற்கப்பால் கொசோவோவில் கதறியழும் பெண்கள். அத்தனை நெருக்கத்தில் அந்நியர் ஒருவர் நிற்கலாமா என்ற கேள்வியைப் படம் வாயால் கேட்பதில்லை. விரலுக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை நாமே அளக்க வேண்டியிருக்கிறது.

விம் வெண்டர்ஸும் ஜூலியானோ சல்காடோவும் இயக்கிய 'தி சால்ட் ஆஃப் தி எர்த்' (2014) இதற்கு எதிர்த்திசை. புகைப்படக் கலைஞர் செபாஸ்தியாவோ சல்காடோவை ஓர் இருட்டறையில் உட்காரவைத்து, பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடியில் அவருடைய படங்களைக் காட்டுகிறார்கள். கேமரா கண்ணாடிக்குப் பின்னால். தன் படத்தைப் பார்க்கும் அவர் நம்மையே பார்ப்பதுபோலத் தோன்றுகிறது. செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தைப் பேசும்போது அந்த முகத்தில் வியப்பு. ருவாண்டா இனப்படுகொலை வரும்போது சொற்கள் தடுமாறுகின்றன. பிரேசிலில் காய்ந்துபோன குடும்ப நிலத்தில் மரம் நட்டுக் காடாக்கிய பிற்பகுதியில் வெண்டர்ஸின் பக்தி சற்று மிகுந்துவிடுகிறது. மகன் ஜூலியானோவும் சேர்ந்து எடுத்த படத்தில் தந்தையிடம் இன்னும் கடினமான கேள்விகளை எதிர்பார்த்தேன். அவனி ராய் புகைப்படக் கலைஞரான தன் தந்தையைப் பற்றி எடுத்த 'ரகு ராய்: ஆன் அன்ஃப்ரேம்ட் போர்ட்ரெய்ட்' (2017) இருவருக்கும் இடையிலுள்ள உரசலை மறைக்கவில்லை; மகளின் கேமராவுக்கும் யோசனை சொல்லும் தந்தையை அப்படியே காட்டுகிறது.

கலைஞர் உயிரோடு இல்லையென்றால்? 'ஃபைண்டிங் விவியன் மேயர்' (2013) உலகெங்கும் ஓடியது. சிகாகோவில் குழந்தைகளைப் பராமரித்து வாழ்ந்த ஒரு பெண், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை யாருக்கும் காட்டாமல் விட்டுப்போனார். ஆனால் இணை இயக்குநர் ஜான் மலூஃப் ஏலத்தில் அவற்றில் ஒரு பகுதியை வாங்கியவரும்கூட. ஆகவே படம் கண்டெடுத்த கதையாகவும், முன்னாள் முதலாளிகள் பேசும் விசித்திரங்களாகவும் நீள்கிறது. மேயரின் ஒரு தெருக்காட்சியை நிறுத்திப் பார்க்க மனம் தவிக்கிறது. ரவுல் பெக்கின் 'எர்னஸ்ட் கோல்: லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' (2024) இங்கே மேலான படம். தென்னாப்பிரிக்க நிறவெறியை 1967இல் நூலாக்கிய கோல், நாடிழந்து அலைந்து 1990இல் நியூயார்க்கில் இறந்தார். 2017இல் ஸ்வீடனில் ஒரு வங்கியிலிருந்து அவருடைய சுமார் 60,000 நெகட்டிவ்கள் வெளிவந்தன. பெக் அவரைத் தன்மையிலேயே பேசவைக்கிறார். படங்கள்தாம் கதையை நடத்துகின்றன.

நம் நாட்டில் இவற்றில் பலவற்றுக்கும் முன்பே வந்தது சபீனா காடியோக்கின் 'த்ரீ விமன் அண்ட் எ கேமரா' (1998). அதற்குரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவோடு ஷீபா சாச்சியையும் தயானிதா சிங்கையும் சேர்த்து வைத்ததில்தான் படத்தின் கூர்மை. சுதந்திர காலத்தின் தலைவர்களைப் படமெடுத்த ஹோமாய் 1970இல் தொழிலையே விட்டுவிட்டார். சாச்சியோ பெண்கள் போராட்டங்களை எடுத்த பின், அந்தப் படங்களில் நிறைவு காணாமல், எங்கே, எந்தப் பொருட்களோடு, எப்படி இருக்க வேண்டும் என்பதைப் படத்தில் வரும் பெண்களே முடிவுசெய்யும்படி மாற்றினார். படமெடுக்கப்படுபவருக்கு அதில் என்ன உரிமை என்று இவ்வளவு நேராகக் கேட்ட ஆவணப்படம் இவ்வரிசையில் வேறில்லை. காடியோக்கும் ஒரு படத்தோடு விலகிவிடவில்லை; ஹோமாயின் பணியைத் தொடர்ந்து ஆராய்ந்து 2006இல் நூலாகக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான், 2011இல், ஹோமாய்க்குப் பத்ம விபூஷண் கிடைத்தது.