சிதறிய ஆடும் வழிதப்பிய ஆடும்

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமையில் வரும் ஓர் ஆட்டை, ஹென்றி பவரின் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு "சிதறிப்போன" ஆடு என்கிறது. நூறு ஆடுகளுள் ஒன்றே ஒன்று எங்ஙனம் சிதறும்? திண்டுக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் ஆட்டுக்காரரைக் கேட்டால், கிடை சிதறும், மந்தை சிதறும், தனி ஆடு தப்பிப்போகும் என்றே விடை வரும். சிதறுதலுக்குப் பிரிந்துபோதல் என்றும் பொருள் கொள்ளலாமே எனச் சிலர் வாதிப்பர். கொள்ளலாம்; ஆயினும் மூலத்திலுள்ள 'பிளனாவோ' என்னும் கிரேக்க வினை அலைந்து திரிதலையும் வழிதவறுதலையுமே குறிக்கும். விண்மீன்களிடையே இடம்பெயர்ந்து அலைவன என்று கிரேக்கர் கோள்களுக்கு இட்ட பெயரும் இவ்வினையின் அடியாகவே பிறந்தது. சிதறுதலுக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு. மேய்ப்பன் வெட்டப்படும்போது மந்தைக்கு நேர்வதைச் சொல்லுமிடத்து (26:31) மத்தேயு அதனையே ஆளுகிறார். அங்கு மேய்ப்பன் வீழ்ந்தான்; ஆடுகள் சிதறின. எசேக்கியேல் 34இலும் மேய்ப்பன் இல்லாமையாலேயே அவை சிதறுகின்றன. 18ஆம் அதிகாரத்திலோ மேய்ப்பன் இருக்கிறான், தொண்ணூற்றொன்பதும் இருக்கின்றன, ஒன்று மட்டுமே விலகியிருக்கிறது. இவ்வேறுபாட்டைப் பழைய மொழிபெயர்ப்பு அழித்துவிட்டது என்பதே நம் குறை.

இதனால் நேர்ந்த இழப்பு இவ்வொரு வசனத்தோடு நிற்கவில்லை. ஏசாயா 53:6இல் அதே மொழிபெயர்ப்பு "வழிதப்பி" என்று செம்மையாகவே சொல்கிறது. அவ்வசனத்தை நினைவில் கொண்டே பேதுருவின் முதலாம் நிருபம் 2:25 எழுதப்பட்டது. எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் ஏசாயாவுக்கு வழங்கிய வினையே நிருபத்திலும் வருகிறது. தமிழிலோ ஆங்கு ஆடுகள் "சிதறுண்ட" ஆடுகளாகிவிட்டன. பாடுபடும் தாசனின் பாடலுக்கும் பேதுருவின் வாக்கிற்கும் இடையிலிருந்த இழை தமிழ் வாசகனின் கண்ணுக்குப் புலனாகாமற் போயிற்று. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்று இடங்களிலும் 'அஸ்ட்ரே' என்னும் ஒரே சொல்லைக் காத்துள்ளது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமும் "வழிதவறி" என்று திருத்தமாக உரைக்கிறது. எனினும் நம் சபைகளில் பீடத்திலிருந்து பெரிதும் வாசிக்கப்படுவது பழையதே.

அவ்வாங்கிலச் சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. 'அஸ்ட்ரே', 'ஸ்ட்ரே' இரண்டும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை. வெளியே அலைதல் எனப் பொருள்படும் 'எக்ஸ்ட்ரா வகாரி' என்னும் இலத்தீன் தொடரே இவற்றின் மூலம் எனப் பலர் கருதுவர். பாதையைக் குறிக்கும் சொல்லோடு இணைப்பாரும் உளர். நமக்கு இதனினும் சுவையானது அதன் சட்ட வழக்கு. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் 'எஸ்ட்ரே' என்பது உரியவர் இன்னாரென்று தெரியாமல் திரியும் விலங்கு. அதனைப் பிடித்தவர் ஆலயத்திலும் அண்மைச் சந்தைகளிலும் அறிவிக்கவேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் கடந்தபின்னரே உரிமை அப்பகுதியின் பிரபுவுக்கு மாறும். ஆடு தவறியதும் உரிமை அறுவதில்லை. நம் நாட்டிலும், பவரின் திருமறை வெளிவந்த அதே 1871இல், கால்நடை அத்துமீறல் சட்டம் பிறந்தது. மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பர். உரியவர் தண்டமும் தீனிச் செலவும் கட்டி மீட்பார். ஏழு நாளில் அவர் வராவிடில் அறிவிப்பு, பின்னும் ஏழு நாள், அதன்பின் ஏலம் என்று அச்சட்டம் விதித்தது. செம்பட்டி, சாணார்பட்டி என ஊர்ப்பெயர்களிலேயே பட்டியைச் சுமக்கும் இப்பகுதியினர்க்கு இன்னொன்றும் தெரியும். அடைக்கும் இடம் பட்டி. அடங்காது திரிவதும் பட்டிமாடு. குறும்பு செய்யும் சிறுவனைக் கலித்தொகை 'சிறுபட்டி' என்கிறது. தொழுவத்துக்கும் தொழுவம் தப்பியதற்கும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது.

நம் அருளுரைகளில் மத்தேயுவின் ஆட்டையும் லூக்காவின் ஆட்டையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கமாயிற்று. லூக்கா 15இல் வரும் வினை 'அப்பொல்லுமி'. அழிதலும் தொலைதலும் அதன் பொருள். தானாக நடவாத வெள்ளிக்காசுக்கும் அது பொருந்தும் என்பதால் "காணாமற்போன" என்ற தமிழ் அங்கு மிகப் பொருத்தமே. ஆனால் அவ்வுவமை முறுமுறுத்த பரிசேயருக்குச் சொல்லப்பட்டது. மத்தேயுவில் கேட்போர் சீஷர், ஆடோ சபையிலுள்ள சிறியரில் ஒருவர். மேலும், மத்தேயு இரண்டு வினைகளையும் ஆளுகிறார்: 12, 13ஆம் வசனங்களில் ஆடு வழிதப்புகிறது, 14இல் அது கெட்டுப்போவது பிதாவின் சித்தமன்று என்கிறார். வழிதப்பியது இன்னும் கெட்டுப்போகவில்லை. இவ்விரு வினைகளுக்கும் நடுவிலுள்ள காலமே ஆயருக்கு அளிக்கப்பட்ட காலம். ஈராண்டு ஆலயத்தில் காணப்படாதவரையும், வேறு கூட்டத்திற்குச் சென்றுவருபவரையும் பதிவேட்டில் 'விலகினார்' என்று எழுதி மூடிவிடும் சபை அக்காலத்தைத் தானே குறுக்கிவிடுகிறது.

பழைய மொழிபெயர்ப்பாளருக்குச் சொல் கிடைக்கவில்லை என்று கூறவியலாது. 119ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் காணாமற்போதலையும் வழிதப்புதலையும் அருகருகே வைத்து எபிரெயத்தின் இரு சொற்களையும் காத்தவர்கள் அவர்கள். அக்கூர்மை மத்தேயுவில் தளர்ந்தது வியப்பே. லூக்காவில் தேடல் "கண்டுபிடிக்குமளவும்" நீள்கிறது. மத்தேயு 18:13இலோ "கண்டுபிடித்தால்" என்றே இருக்கிறது. காசு விழுந்த இடத்தில் கிடக்கும். வழிதப்பிய ஆடு நடந்துகொண்டே இருக்கும். நாள் கடத்தும் ஆயருக்கும் அதற்கும் இடையே தொலைவு கூடிக்கொண்டே போகும்.