போர் மோட்டார் தெரிந்தவருக்கு ஒரு கார் பாடம்

அவிநாசிப் பக்கம் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போகிறவர் "எத்தனை எச்.பி.?" என்று ஆரம்பிக்க மாட்டார். "எத்தனை அடியில தண்ணி?" என்பதுதான் முதல் பேச்சு. அந்தக் கேள்வியின் அருமை தெரிந்தவருக்கு, சூப்பர்சார்ஜர் பூட்டிய காரின் ஃப்யூயல் பம்பை ரசிப்பதில் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்தில் இப்படியொரு கார் பானெட்டைத் திறந்தால், கூட்டம் சூப்பர்சார்ஜரைத்தான் மொய்க்கும். நீங்கள் பின் சீட்டுப் பக்கம் போங்கள். பம்ப் அங்கே, பெட்ரோல் டேங்குக்குள் முழுகிக் கிடக்கிறது. அதுவும் ஒரு சப்மெர்சிபிள்தான்.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

கிராங்க் ஷாஃப்டின் பெல்ட்டில் சுழலும் சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. 1 பார் பூஸ்ட் என்றால் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் சாதாரணத்தைப் போல இரு மடங்கு. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். பெட்ரோல் முழுதாய் எரிய, எடைக் கணக்கில் அதைப்போல 14.7 பங்கு காற்று வேண்டும். முழு பூஸ்டில் ட்யூனர்கள் காற்றை 12 பங்கு, அதற்கும் சற்றுக் கீழே என்று வைப்பார்கள். மிகையான பெட்ரோல் சிலிண்டரின் சூட்டைத் தணிக்கும். பெட்ரோல் குறைந்தால் ‘லீன்’. பிறகு நேரம் தவறி வெடிக்கும் ‘நாக்கிங்’, கடைசியில் பிஸ்டனில் ஓட்டை.

ஹெட் எவ்வளவு?

போர்ட் இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் பெட்ரோல் அழுத்தம் சுமார் 3 பார். ஆனால் இன்ஜெக்டர் வாயில் பூஸ்ட் 1 பார் எதிர்த்துத் தள்ளும்போது, அதே அளவு பெட்ரோல் தெளிக்க பம்ப் 4 பார் தர வேண்டும். தண்ணீர் மட்டம் இறங்கிய போர் மாதிரிதான்: ஹெட், அதாவது தூக்க வேண்டிய உயரம், ஏறினால் டிஸ்சார்ஜ் குறையும். "மணிக்கு 255 லிட்டர்" என்று பெட்டியில் இருந்தால், எத்தனை பாரில், எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள்.

பெரிசு எல்லாம் நல்லதல்ல

சூப்பர்சார்ஜர் வைத்த 200 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், முழு வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 75 லிட்டர் குடிக்கும். அதன் மேல் கொஞ்சம் கையிருப்பு இருந்தால் போதும். தேவைக்கு மிஞ்சிய பம்ப் போட்டால், மிச்சப் பெட்ரோல் சுற்றிச் சுற்றிச் சூடேறி டேங்குக்கே திரும்பும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ரெகுலேட்டர் அத்தனையையும் வெளியேற்ற முடியாமல் ஐடிலிங்கிலேயே அழுத்தம் எகிறும்.

வயரைத் தொடர்ந்து போங்கள்

லோ வோல்டேஜில் மோட்டார் படும் பாடு நமக்குத் தெரியாததா? இங்கும் வோல்டேஜ் இறங்கினால் பெட்ரோல் இறங்கும். புது பம்பைப் பழைய மெல்லிய வயரிலேயே கோத்திருந்தால் அது அரைகுறை வேலை. பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், ரிலே, ஃப்யூஸ் என்று வந்திருந்தால் அந்த மெக்கானிக்குக் கை கொடுங்கள்.

வளைவில் என்ன ஆகிறது?

வேகமாக வளையும்போது டேங்கிலுள்ள பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் ஏர் வாங்கும். அதற்காகப் பந்தயக் கார்களில் சர்ஜ் டேங்க் வைப்பார்கள்: ஒரு பம்ப் சின்னத் தொட்டியை நிரப்ப, இன்னொன்று அங்கிருந்து அழுத்தத்தோடு எஞ்சினுக்கு அனுப்பும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 6 நீரேற்று நிலையங்கள் பவானியின் உபரி நீரைக் கைமாற்றிக் கைமாற்றி 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுகின்றன. ஒரே பம்பிடம் எல்லா வேலையையும் கேட்காதே என்பதுதான் இரண்டிலும் யோசனை.

ஒன்று மட்டும்: இதெல்லாம் பந்தயத் தளத்துக்கான வேலை. சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளர் தந்த வடிவிலிருந்து மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 தடை போடுகிறது. பெட்ரோல் டேங்கைத் திறப்பதும் வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளும் வேலையல்ல.

கடைசியாக, முள்

சாவியைத் திருப்பியதும் பின்னால் இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் எழும். பம்ப் லைனில் அழுத்தம் ஏற்றுகிறது. பிறகு காரை, எஞ்சின் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி முழு த்ராட்டில் கொடுக்கும்போது இரண்டு மானிகளைப் பாருங்கள். பூஸ்ட் முள் அரை பார் ஏறினால், பெட்ரோல் முள்ளும் அதே அரை பார் ஏற வேண்டும். எஞ்சின் உச்சத்தில் அலறும்போதும் தொய்யக் கூடாது. ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டு, தொட்டியில் தண்ணி விழும் சத்தம் கேட்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகராத ஆள், அந்த முள்ளையும் அதே காதுகளோடுதான் பார்ப்பார்.