பள்ளிக்கூடமும் செட்டும்

யாழ்ப்பாணத்தார் இருவர் டொரொண்டோவிலோ இலண்டனிலோ முதன்முறையாகச் சந்தித்து, ஊர் விசாரித்து முடித்த மாத்திரத்தில், "எந்தப் பள்ளிக்கூடத்திலை படிச்சனீங்கள்?" என்ற கேள்வி வந்துவிடும். தேனி மாவட்டத்துத் தேவாரம் கடைவீதியில் ஒத்த பிராயத்தவர் இருவர் பேச்சுக் கொடுத்தாலோ, பள்ளி ஊரறிந்த ஒன்றாதலால் அதைப் பற்றி விசாரணையே இல்லை, "நீங்க எந்தச் செட்டு?" என்பதுதான் முதல் வார்த்தை. பழைய பள்ளியை நினைத்து உருகுவது இரு கரைக்கும் பொதுவாயினும், அங்கே ஞாபகத்துக்கு உரிமை கொண்டாடுவது ஸ்தாபனம். இங்கே ஒரு வருஷத்து வகுப்பு.

1816-இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், 1823-இல் ஆரம்பமான பரி. யோவான் கல்லூரியும் (கல்லூரி என்றதும் பட்டப்படிப்பை எண்ணிக்கொள்ளும் நம் பக்கத்தார், அங்கே அரை டவுசர்ப் பையனும் கல்லூரி மாணவனே என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்) 1904 முதல் ஆடிவரும் கிரிக்கெட் பந்தயத்துக்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். அன்று மைதானத்தில் பாட்டனும் பேரனும் ஒரே கொடியின்கீழ் கூச்சலிடுவார்கள். எந்த வருஷத்துப் பிள்ளை என்று ஒருவரும் கேட்பதில்லை. யுத்தம் ஊரைக் கலைத்தபின், கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் பழைய மாணவர் சங்கக் கிளைகள் தழைத்து, பலருக்கு இழந்த ஊரின் ஸ்தானத்தைப் பள்ளியின் பெயரே வகித்தது. அதில் கொஞ்சம் குலப்பெருமையின் வாடையும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

நம் சர்க்கார் பள்ளிகளுக்கு அந்த வம்சாவளி இல்லை. ஆரம்பப் பள்ளி ஓரிடம், உயர்நிலைப் பள்ளி வேறிடம். உபாத்தியாயர்களோ மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டியைக் கட்டுகிறவர்கள். காமராஜர் காலத்தில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் நாற்காலியும் மேஜையும் மணியும் குவிந்தன. அது ஊரின் ஈகையேயன்றிப் பழைய மாணவரின் ஸ்நேகம் அன்று. ஸ்நேகம் செட்டோடு பிறந்து செட்டோடு முடிகிறது.

அப்படியொரு செட்டு மறுபடி கூடிய கூட்டம் ஒன்றைத் தேவாரத்தில் பார்க்க நேர்ந்தது. ஏலக்காய் எடுப்பு ஓய்ந்த சித்திரை மாதம். வாசலில் ஃப்ளெக்ஸ் போர்டு, மேஜைமேல் பொன்னாடைகள், மேற்கே வெயிலில் வெளிறிய மலை. 2010 கடைசியில் நின்ற மதுரை ரயில் 2023 ஜூனில் மறுபடி போடிக்கு வந்ததைப் பெரும் உபகாரமாகப் பேசிக்கொண்டு சென்னைவாசிகள் சிலரும் வந்திருந்தனர். எண்பதைத் தாண்டிய கணக்கு வாத்தியார், எட்டாம் வகுப்பின் பெயர் வரிசையை ஒரு தாளில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிக்க, நரைத்த மீசைக்காரர்கள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள். ஒரு பெயருக்குப் பதில் இல்லை. "அது எட்டாவதோட நின்னுபோச்சு சார், ஏலத்தோட்டத்துக்குப் போயிருச்சு" என்றது ஒரு குரல். அப்படிப் பாதியில் நின்றவர்கள் அந்தத் தாளில் ஏழெட்டுப் பேர். எவர் பெயரையும் யாரும் அடித்திருக்கவில்லை.

பந்தி முடியும் தறுவாயில், தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே அந்தப் பெயருக்குரிய அம்மாள் வந்து சேர்ந்தார். "ஜீப்பு இப்பத்தான் சார் மலையிலேருந்து இறங்குச்சு" என்றவர், வாத்தியார் "உள்ள வாம்மா" என்று சொல்லும்வரை வாசற்படியைத் தாண்டவில்லை.