பஞ்சு யாருடையது?

நன்னூல் பொதுப்பாயிரத்தில், 'நூல்' என்ற பெயருக்குக் காரணம் சொல்லும் வெண்பா ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் அதில் ஓர் உருவகத்தை அடுக்குகிறார். சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவன் நூற்கும் பெண், அவன் வாய் அவள் கை, அவன் அறிவு அவள் கதிர். 13ஆம் நூற்றாண்டு இலக்கணம் ஒன்று ஆண் புலவனைப் பெண்ணின் இடத்தில் உட்காரவைக்கிறதே என்று மகிழ்ந்து, பதினைந்து ஆண்டுகளாக இதைப் பாடம் நடத்திவந்தேன்.

ஒருநாள், ஆம்பூர்ப் பக்கத்து மாணவி எழுந்தாள். அவள் அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. "மேடம், கை வந்துடுச்சு, கதிர் வந்துடுச்சு. பஞ்சுக்குக் காசு யாரு குடுத்தா?" வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை.

உருவகம் அறுபடும் இடம் அதுதான். புலவனுக்குச் சொல் விலையில்லாமல் கிடைக்கிறது. நூற்பவளுக்குப் பஞ்சு அப்படிக் கிடைப்பதில்லை. சொல்லும்கூட, கற்க அனுமதிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலையில்லாதது.

சங்கப் பாடல்கள் இவளை வேறுவிதமாகக் காட்டுகின்றன. நற்றிணை 353இல், ஆண் துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூல் மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமையாகிறது. புறநானூறு 326இல், நள்ளிரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறும் கோழியின் பயத்தைத் தணிப்பது, பஞ்சின் தூசு தும்பை நீக்க எழுந்த பருத்திப் பெண்ணின் சிறுவிளக்கு வெளிச்சத்தில் தெரியும் சேவல். அவள் ஏன் அந்த நேரத்தில் விழித்திருக்கிறாள் என்று பாடல் கேட்பதில்லை. ஆனாலும் விளக்கையாவது காட்டுகிறது. நன்னூலில் அவள் 'சேயிழை', அதாவது சிவந்த அணிகலன் பூண்டவள். பெண்ணைக் குறிக்கும் வழக்கமான அன்மொழித்தொகைதான், மோனைக்கும் பொருந்துகிறது. ஆனால் கணவனை இழந்தவள் அணி களைந்த சமூகத்தில், தனித்து நூற்றுப் பிழைத்தவளின் உடலில் எந்த இழை இருந்திருக்கும்? இலக்கணம் அவளுக்கு நகை பூட்டி, வறுமையைக் கழற்றிவிட்டது.

டொராண்டோவில் இருக்கும் என் சின்னம்மா மகள் பழைய பின்னல் இயந்திரம் ஒன்று வாங்கினாள். கடையில் நூல் ஐம்பது, நூறு கிராம் உருண்டைகளாக விற்கிறது. "ஒரு ஸ்வெட்டருக்கு நூல் வாங்குற காசுல ரெண்டு ஸ்வெட்டரே வாங்கிடலாம்க்கா" என்றாள். இயந்திரத்துக்குக் கூம்பில் சீராகச் சுற்றிய நூல்தான் தோது. அது மலிவாக எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், பழைய துணிக்கடையில் கம்பளி ஸ்வெட்டர் வாங்கி, பிரித்து, அலசி, சுருக்கம் போகக் கனம் கட்டித் தொங்கவிட்டு, மறுபடி சுற்றிக்கொள்கிறாள். பக்கத் தையலை முதலில் பார்க்க வேண்டுமாம். வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் துண்டு துண்டாகத்தான் வரும்.

2022 மே மாதம், நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்கள் இரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்தன. நிறுவனங்கள் கதவடைத்தால் செய்தியாகிறது. ஒற்றை இயந்திரத்தோடு வீட்டில் இருப்பவள் கையை நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? அவள் செய்வதைப் 'பொழுதுபோக்கு' என்கிறோம். ஆம்பூரில் திண்ணையில் தைப்பவள் செய்வதை 'சும்மா இருக்கிற நேரத்து வேலை' என்கிறோம். இருவரின் நேரத்துக்கும் விலை போடாமல் தப்பிக்க இந்தச் சொற்கள் உதவுகின்றன.

பவணந்தியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. புலமைக்கு உவமையாக நூற்கும் பெண்ணை அவர் தேர்ந்தது பெரிய காரியம். அந்தத் தேர்வைக் கொண்டாடிய நாங்கள்தான் பஞ்சைக் கேட்காமல் விட்டோம். இந்த ஆண்டு அந்த வெண்பாவை நடத்தியபோது, கரும்பலகையில் ஐந்து உருவகங்களையும் எழுதிவிட்டு, கீழே ஆறாவதாக 'கூலி' என்று எழுதினேன். அதன் எதிரே எதையும் எழுதவில்லை. அந்த மாணவி அதைத் தன் நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள்.