சூதுக்கொரு குரு

2005-ம் ஆண்டில் வெளிவந்த ‘டூ ஃபார் தி மணி’ என்னும் அமெரிக்கப் படத்தைக் கண்டோம். டி. ஜே. கருசோ இயக்கியது. காலிற் காயமுற்றுப் பந்தாட்ட வாழ்வை இழந்த பிராண்டன் என்னும் வாலிபன், எந்த அணி வெல்லுமென முன்கூட்டிச் சொல்வதில் சமர்த்தன். நியூயார்க்கில் பந்தய ஆலோசனை விற்கும் வால்டர் அவனை வரவழைத்து, ‘ஜான் அந்தோனி’ எனப் புதுப் பெயருமிட்டுச் சீடனாக்கிக் கொள்கிறான்.

வால்டராக நடிக்கும் அல் பசினோவின் பேச்சு வன்மை அபாரம். ஆனால், அந்தக் குரு கற்பிப்பது யாது? ஆட்டத்தின் நுட்பமன்று; ஐயத்தை மறைத்து உறுதிபோற் பேசும் வித்தையே. கணிப்புப் பலிக்குமட்டும் புகழ் சீடனுக்கு; பொய்த்தால் நஷ்டம் தொலைபேசியின் மறுமுனையில் நம்பியிருந்தவனுக்கு! வால்டரோ சூதை விட்டும் விடாதவன். தன் நோயையே பிறர்க்கு மருந்தென விற்கிறான்.

கடைசியில் சீடன் காசைச் சுண்டி முடிவு சொல்கிறான், அதுவும் பலிக்கிறது. வித்தையின் வேடம் கலைவது இங்கேதான். எனினும் அவ்வெற்றியாலேயே வால்டரைக் கரையேற்றிவிடுவது படத்தின் பெருங்குறை. தோற்றிருந்தாலன்றோ பாடம் உறைக்கும்!

முடிவில் பிராண்டன் சிறுவர்க்குப் பந்தாட்டம் பயிற்றச் செல்கிறான். அறிந்ததைக் கற்பித்து, பிள்ளைகளின் தோல்வியிலும் உடனிருப்பவனே குரு. பிறர் கூலிப் பணத்தைப் பணயம் வைக்கச் சொல்பவனை நாம் அப்பெயரால் அழையோம்.