உப்பைத் தின்று கொழுக்கும் கீரை

குனோங் ராபாட்டில் எங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைதான். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வண்டி எடுத்தாக வேண்டும். எடுக்கிறேன், ஒரு கீரைக்காக!

தைப்பிங் தாண்டி கோலா செபெத்தாங்குக்கு வருகிறவர்கள் மாத்தாங் பாக்காவ் (அலையாத்தி) காட்டைப் பார்க்கிறார்கள், படகு ஏறுகிறார்கள், இறால் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். காலடியில், உப்புச் சேற்றின்மேல் விரித்த பாயாகக் கிடக்கும் கெலாங் லாவுட் கீரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. குனியுங்கள், தயவுசெய்து! நம் பருப்புக்கீரையின் சாயல்தான்; ஆனால் என்ன மினுமினுப்பு, என்ன சதைப்பற்று! வெயில் ஏறியதும் இலைக்கக்கத்தில் ஒற்றைப் பூ விரியும். சுண்டுவிரல் நகமளவு, ஐந்து முனை, உள்ளே இளஞ்சிவப்பு, வெளியே பச்சை. சில மணி நேரத்தில் மூடிவிடும்.

சிவந்த தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும். அலை ஒரு துண்டை அறுத்துக்கொண்டு போனாலும், ஒதுங்கிய இடத்தில் அது புதுக் குடித்தனம் தொடங்கிவிடும். ஆப்பிரிக்கா முதல் கரீபியன் வரை வெப்பமண்டலக் கரைகளில் மணலைப் பிடித்து நிறுத்தும் செடிகளில் இதுவும் ஒன்று.

உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாசல் செம்பருத்தி கருகிப்போகும். இதற்கோ கொஞ்சம் உப்பு இருந்தால்தான் செழிப்பே! வேர் உறிஞ்சும் சோடியத்தை இலையின் உயிரணுக்களில் உள்ள நுண்குமிழ்களுக்குள் ஒதுக்கிப் பூட்டிக்கொள்கிறது. அந்த உப்பே தண்ணீரை உள்ளே இழுக்கிறது. இலை கொழுத்திருப்பது அதனால்தான். இந்தியாவின் உவர்நிலங்களை மீட்பது பற்றி 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு ஹெக்டேரிலிருந்து நான்கு மாதத்தில் 474 கிலோ உப்பை இது எடுத்துவிடும் என்று கணக்கிட்டது. 474 கிலோ! 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்து வயல்களில் உப்பேறி விவசாயிகள் தவித்ததை நினைத்தால், இந்தச் சின்னச் செடிமேல் எனக்கு மரியாதை இன்னும் கூடுகிறது.

ருசியைச் சொல்லாமல் விடுவேனா? பச்சை இலையைக் கடித்தால் நறுக்கென்று உடைந்து நாக்கில் கடல் இறங்கும். கொதிக்கவிட்டு, நீரை வடித்து, நெத்திலியோடு வதக்கினால் தனியாக உப்புப் போடவே வேண்டாம். பிலிப்பைன்ஸில் இதை 'டம்பாலிட்' என்று அழைத்து ஊறுகாயே போடுகிறார்கள்!

நீர் இறங்கிய நேரம் பார்த்துப் போங்கள். சாக்கடை கலக்காத இடத்தில் மட்டும் பறியுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். கணு உள்ள நுனித்தண்டு ஒரு சாண் இருந்தால் போதும். மணல் தொட்டியில் செருகி நல்ல வெயிலில் வைத்தால் பிடித்துக்கொள்ளும்.